டிஹைட்ரேட்டரில் காய்கறி சிப்ஸ்: தோலாகவும் கல்லாகவும் ஆகாமல் மொறுமொறுப்பாக வர

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். புதிதாக டிஹைட்ரேட்டர் வாங்கியிருக்கிறீர்கள். எண்ணெயில் பொரிக்காமல் காய்கறி சிப்ஸ் செய்ய ஆசை. கேரட் தோல் மாதிரி வந்தது, பீட்ரூட் கல்லாகிவிட்டது, சுக்கினி மட்டும் தேறியது. அதுவும் மறுநாளே நமத்துப் போனது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், முன்கூட்டியே வேகவைக்க வேண்டுமா, எப்படி எடுத்து வைப்பது என்று கேட்கிறீர்கள்.

டிகிரி, மணிக்கணக்கு எல்லாம் சொல்கிறேன். ஆனால் உங்கள் பிரச்சினை அங்கே இல்லை என்பது என் எண்ணம். மெஷின் செய்வது ஒரே வேலைதான், ஈரத்தை வெளியேற்றுவது. மொறுமொறுப்பு வருமா வராதா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, வெட்டும்போதும் ஆவியில் வைக்கும்போதும் முடிவாகிவிடுகிறது. மிச்சம் மெஷினை அணைத்த பிறகு வரும் அரை மணி நேரத்தில் முடிவாகிறது. இடையில் ஓடும் எட்டு மணி நேரத்தில் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

பொரித்த சிப்ஸையும் உலர்த்திய சிப்ஸையும் ஒன்றாக நினைப்பதில்தான் முதல் ஏமாற்றம் வருகிறது. 170, 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் விழுந்த சீவலுக்குள் இருக்கும் தண்ணீர் சட்டென்று நீராவியாகி வெளியே பாய்கிறது. பாய்ந்த இடமெல்லாம் துளை. அந்தத் துளைகளால்தான் அது பல்லில் பட்டதும் பொடிகிறது. டிஹைட்ரேட்டரில் 57 டிகிரியில் தண்ணீர் கொதிப்பதே இல்லை, மெதுவாக ஆவியாகிறது. தண்ணீர் போகப் போகக் காயின் செல்கள் உள்நோக்கிச் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. துளைக்குப் பதில் நெருக்கம். அதனால் தடிமனாக வெட்டிய பீட்ரூட், கேரட் எல்லாம் முழுதாக உலர்ந்த பிறகும் கடினமாகத்தான் இருக்கும். அதை இன்னும் நாலு மணி நேரம் ஓட்டினாலும் பயனில்லை. உலர்ந்தது போதாததால் வந்த கடினம் இல்லை அது.

எனவே, சுருங்கினாலும் பல்லுக்கு உடையும் அளவுக்கு மெல்லிசாக வெட்ட வேண்டும். கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி போன்ற கெட்டியான காய்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். தண்ணீர்ச் சத்து அதிகமுள்ள சுக்கினி, தக்காளி, வெள்ளரி போன்றவற்றுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். இவை காய்ந்ததும் காகிதமாகிவிடும் என்பதால் இதைவிட மெல்லிசாக வெட்டினால் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும். கத்தியால் இந்த அளவைச் சீராகப் பிடிப்பது கஷ்டம். தடிமனை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்லைசர் ஒன்று வாங்குங்கள், கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தகடு விரலைப் பார்த்து ஒதுங்காது.

சீராக வெட்டுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உலர்த்தலின் பிற்பாதியில் மேற்பரப்பில் தண்ணீர் இருக்காது. உள்ளே இருப்பது மெல்ல நகர்ந்து வெளியே வர வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் சீவலுக்கு ஆகும் நேரத்தைப்போல நான்கு மில்லிமீட்டர் சீவலுக்கு இரண்டு மடங்கு ஆகும் என்று மனக்கணக்குப் போடுவோம். உண்மையில் அது நான்கு மடங்கை நெருங்கும். ஒரே தட்டில் இரண்டும் கலந்து கிடந்தால் ஒன்று நொறுங்கும்போது இன்னொன்று இன்னும் வளையும்.

சரி, வேகவைக்க வேண்டுமா? எல்லாக் காய்க்கும் இல்லை. ஆனால் நீங்கள் சிக்கிக்கொண்ட இரண்டு காய்க்கும் வேண்டும். கேரட்டைப் பச்சையாகக் காயவைத்தால் வெளிறிப் போகும், சில வாரங்களில் வைக்கோல் வாடை வரும். காய் வெட்டுப்பட்டதும் அதிலுள்ள நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். 57 டிகிரி சூடு அவற்றை நிறுத்தாது. ஆவியில் மூன்று, நான்கு நிமிடம் வைத்தால் நின்றுவிடும். நிறம் நிற்கும், வாடை வராது. அதோடு செல் சுவர்கள் தளர்வதால் தண்ணீர் சீக்கிரம் வெளியேறி, உலரும் நேரமும் குறையும். கொதிநீரில் போட்டு எடுப்பதைவிட ஆவி நல்லது. தண்ணீரில் போட்டால் வைட்டமின் சி, பி வகைகள், கொஞ்சம் இனிப்பு எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஆவியில் இருந்து எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்டத் தட்டில் வைத்தால் முதல் ஒரு மணி நேரம் அந்தத் தண்ணீரை விரட்டுவதற்கே போய்விடும்.

பீட்ரூட்டைத் தோலோடு முழுதாக முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறவிட்டுத் தோலை உரித்துச் சீவுவது என் வழக்கம். முழுக்க வெந்துவிட்டால் ஸ்லைசரில் குழையும். சர்க்கரைவள்ளியை முதலில் சீவி, பிறகு ஆவியில் வையுங்கள். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், ஆனால் கையில் மசியக் கூடாது. அதுதான் பதம். பச்சையாகக் காயவைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வாயில் பச்சை மாவு ருசி தட்டும்.

சுக்கினி, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், காளான், வெண்டைக்காய் இவற்றை அப்படியே வைக்கலாம். கேல் கீரையையும் அப்படியே வைக்கலாம், நடுத்தண்டை மட்டும் கிழித்து எடுத்துவிடுங்கள். பசலை போன்ற மெல்லிய கீரைகள் காய்ந்ததும் தொட்டாலே தூளாகிவிடும், சிப்ஸுக்கு ஆகாது.

பீன்ஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பச்சை பீன்ஸில் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, அது வயிற்றைக் கெடுக்கும். அதை அழிக்கக் கொதிக்கும் சூடு வேண்டும். டிஹைட்ரேட்டரின் சூடு அதற்குப் போதவே போதாது. எட்டு மணி நேரம் காய்ந்ததால் வெந்துவிட்டது என்று ஆகாது. எனவே பீன்ஸை நன்றாக வேகவைத்துவிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும். கடையில் உறைநிலையில் கிடைக்கும் பீன்ஸும் லேசாக ஆவி காட்டப்பட்டதுதான், அதையும் வேகவையுங்கள். உறைந்த பட்டாணி, சோளமணி இரண்டையும் நேராகத் தட்டில் கொட்டலாம். வெட்ட வேண்டாம், ஆவி காட்ட வேண்டாம். சோம்பலான நாளுக்கு இதைவிட எளிய சிற்றுண்டி கிடையாது.

உறைந்த காய் பற்றிப் பேச்சு வந்ததால், அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் உத்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவி காட்டிய சீவல்களை ஃப்ரீசரில் ஓர் இரவு முழுக்க உறையவைத்து, மறுநாள் இளக விட்டு, தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுக் காயவையுங்கள். உறையும்போது செல்லுக்குள் பனிப்படிகம் வளர்ந்து சுவரைக் கிழித்துவிடும். அந்தக் கிழிசல் வழியே தண்ணீர் சுலபமாக வெளியேறுகிறது. காய் கொஞ்சம் பஞ்சுத்தன்மையோடு காய்வதால் கடினமும் குறைகிறது. பொரித்ததற்கு ஈடாகாது, ஆனால் பல்லுக்கு வித்தியாசம் தெரியும். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் இது மிக நன்றாக ஒத்துவருகிறது. தக்காளி, சுக்கினிக்கு வேண்டாம், இளகும்போதே கூழாகிவிடும்.

உருளைக்கிழங்கை விட்டுவிடுங்கள். பச்சையாக வைத்தால் கறுக்கும், வேகவைத்து வைத்தால் மாவுச்சத்து இறுகிக் கண்ணாடித் துண்டாகிவிடும். பல் வைத்தியரைப் பார்க்கும் செலவு மிச்சமாகட்டும். எண்ணெயோ ஓவனோதான் அதற்குச் சரி.

அடுத்தது உப்பு. இங்கே எல்லோருக்கும் கை நீளும். ஒரு கிலோ சுக்கினியில் 950 கிராம் தண்ணீர். நன்றாகக் காய்ந்தபின் கையில் மிஞ்சுவது 55 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி உப்பு என்பது ஐந்தாறு கிராம். ஒரு கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி குறைச்சல்தானே என்று போட்டால், சிப்ஸில் பத்தில் ஒரு பங்கு உப்பாக இருக்கும், வாயில் வைக்க முடியாது. கடையில் விற்கும் உப்பு சிப்ஸ் பலவற்றில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ சுக்கினிக்குக் கால் தேக்கரண்டியே அதிகம். கேரட்டில் தண்ணீர் 88 சதவீதம், ஒரு கிலோவுக்குச் சுமார் 125 கிராம் தேறும். அதற்குக் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல் போடலாம். பச்சைக் காயைக் கிள்ளி வாயில் போட்டால் உப்பே தெரியாத அளவுதான் சரியான அளவு. மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுத்தூள் எல்லாவற்றுக்கும் இதே கதை. புளிப்புக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தெளிக்கலாம், சுக்கினிக்கும் வெள்ளரிக்கும் அது பிரமாதமாக இருக்கும்.

எண்ணெய் கட்டாயம் இல்லை. மசாலா ஒட்டுவதற்குக் கேல் கீரைக்கு ஒரு தேக்கரண்டி தடவிப் பிசறலாம். ஆனால் எண்ணெய்ப் படலம் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும், காயும் நேரம் கூடும். நாளானால் காறல் வாடையும் வரும். முந்திரி விழுது பூசினாலும் அப்படித்தான், அதிலும் கொழுப்பு நிறைய. இப்படிச் செய்ததை ஓரிரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் வைக்க நினைத்தால் எண்ணெயே தொடாமல் செய்யுங்கள்.

இப்போது மெஷின். வீட்டு உபயோக டிஹைட்ரேட்டர்களில் இரண்டு ஜாதி உண்டு. தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலோ மேலேயோ ஃபேன் இருப்பது ஒன்று. பெட்டி மாதிரி இருந்து, பின்பக்கத்திலிருந்து காற்று எல்லாத் தட்டுகளுக்கும் குறுக்கே வீசுவது இன்னொன்று. முதல் வகையில் ஃபேனுக்குப் பக்கத்தில் உள்ள தட்டு முதலில் காய்ந்துவிடும், தூரத்தில் உள்ளது சவசவ என்று நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றியே ஆக வேண்டும். பெட்டி வகையில் அந்த வேலை குறைவு. தட்டை ஒருமுறை முன்பின்னாகத் திருப்பினால் போதும். வாசனைகளும் அவ்வளவாகக் கலக்காது. பீட்ரூட் வைக்கும்போது மட்டும் எந்த வகையானாலும் கீழ்த் தட்டில் வைத்து, அடியில் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். மேலே வைத்தால் கீழே உள்ள சுக்கினி எல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். வெங்காயத்தை வேறு எதோடும் சேர்க்க வேண்டாம். வீட்டுக்குள் அதைக் காயவைத்தால் கண்ணெரிச்சல் அடுத்த அறை வரைக்கும் வரும்.

சீவல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விட்டுப் பரப்புங்கள். பாதி காய்ந்த நிலையில் புதிதாக ஈரமான தட்டைச் சொருகாதீர்கள், அந்த ஈரம் மற்றத் தட்டுகளைப் பின்னுக்கு இழுக்கும்.

வெப்பநிலை பெரும்பாலான காய்களுக்கு 52 முதல் 60 டிகிரி. நான் 57-ல் வைத்துவிடுவேன். சீக்கிரம் முடியட்டும் என்று 70-க்கு மேல் ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியிருக்காது. வெளியே கடக், உள்ளே நசநச. ஜாடியில் போட்ட சில நாளில் அந்த உள்ளீரம் வெளியே பரவிப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் கேரட் தோலாக வந்ததற்குத் தடிமனோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். காய் நிறைய ஈரத்தோடு இருக்கும் முதல் ஒரு மணி நேரம் மட்டும் 65 வைத்துவிட்டு இறக்குவதில் தவறில்லை. அப்போது ஆவியாதல் காயைக் குளிர்விப்பதால், காயின் சூடு காற்றின் சூட்டுக்கு வெகு கீழேதான் இருக்கும்.

மெஷின் உண்மையில் எதை வைத்துக் காயவைக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம், மழை நாளில் ஓட்டலாமா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்து 57 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள தண்ணீரின் அளவு மாறாமலே அதன் சார்பு ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடும். சூடான காற்றால் நிறைய ஈரத்தைச் சுமக்க முடியும் என்பதால் இப்படி. அந்தக் காற்று காயிலிருந்து ஈரத்தை ஏற்றிக்கொண்டு வெளியே போகிறது, அடுத்த காற்று வருகிறது. மழை நாளிலும் வேலை நடக்கும், சற்று மெதுவாக. காற்று வெளியேறும் வழியை அடைத்தபடி மெஷினைச் சுவரோரம் ஒட்டி வைத்துவிட்டால்தான் எந்த நாளிலும் நடக்காது.

எத்தனை மணி நேரம் என்பதற்கு வரம்புதான் சொல்ல முடியும். கேல் கீரை நான்கு முதல் ஆறு மணி நேரம். காளான் ஐந்து முதல் எட்டு. மெல்லிய கேரட், சுக்கினி, சர்க்கரைவள்ளி ஆறு முதல் பத்து. தக்காளி, பீட்ரூட், நீளவாக்கில் பிளந்த வெண்டைக்காய், பீன்ஸ் எல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு. கடிகாரத்தைவிடத் தராசு நம்பகமானது. தோல் சீவிய காயை எடை போட்டுக் குறித்துவையுங்கள். கேரட் என்றால் அந்த எடையில் எட்டில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். சுக்கினி என்றால் பத்தொன்பதில் ஒரு பங்கு. சர்க்கரைவள்ளியில் தண்ணீர் 77 சதவீதம்தான், எனவே ஏறத்தாழ கால் பங்கு மிஞ்சும். காய்க்குக் காய், ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்பின்னாகும். ஆனால் ஒரு கிலோ கேரட் இன்னும் 200 கிராம் காட்டினால் எவ்வளவு காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் முடியவில்லை என்று அர்த்தம்.

தராசு இல்லையென்றால் கையால் பார்க்கலாம், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. தட்டிலிருந்து எடுத்த சூட்டோடு கேரட் சீவலை வளைத்தால் அது வளையத்தான் செய்யும், காய்ந்து முடிந்திருந்தாலும் வளையும். அதை நம்பி இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டிவிடாதீர்கள். தட்டின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என இரண்டு மூன்று துண்டுகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அப்புறம் இரு விரலால் பிடித்து ஒடியுங்கள். ‘டக்’கென்று சத்தத்தோடு இரண்டாக வந்தால் முடிந்தது. சத்தமில்லாமல் மடங்கி, மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்தால் இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். ஒடிந்த இடத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், நடுவில் நகம் பதிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்கறிச் சிற்றுண்டிக்கு இந்த நொறுங்கும் பதம்தான் வேண்டும். பழத்துக்குச் சொல்லும் ‘வளையணும், ஒட்டக் கூடாது’ என்ற பதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். பழத்தில் இருக்கும் சர்க்கரையும் புளிப்பும் அதைக் கெடாமல் காக்கும். காய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இப்போது அந்த அரை மணி நேரம். சுக்கினி மறுநாள் நமத்துப் போனது என்றீர்களே, அது இங்கே நடந்தது. ஐந்து சதவீத ஈரம் மட்டுமே மிஞ்சியிருக்கும் சீவல் அறைக் காற்றுக்கு வந்ததும் அதிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்குகிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வரும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். உணவு மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமானால் அந்தக் காற்றின் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மழைக்கால அறையில் அது எண்பது. மெல்லிய சீவல் ஒரு மணி நேரத்துக்குள் நமத்துவிடும். இரவில் மெஷின் தானாக அணையும்படி நேரம் குறித்துவிட்டுத் தூங்குபவர்களுக்குக் காலையில் கிடைப்பது இதுதான். ஆறவிடாமல் சூடாகவே மூடினால் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். எனவே அறைச்சூட்டுக்கு வரும் வரை, மெல்லிய சீவலுக்குப் பத்து நிமிடம், தடிமனானதற்கு அதிகம் போனால் அரை மணி நேரம், ஆறவிட்டு உடனே காற்றுப் புகாத ஜாடியில் போட்டு மூடிவிடுங்கள்.

பெரிய டப்பா ஒன்றைவிடச் சின்ன ஜாடிகள் பல நல்லது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே போவது ஈரக்காற்று. முதல் வாரம் தினமும் ஜாடியைக் குலுக்கி, கண்ணாடியின் உட்புறம் பனித்திருக்கிறதா என்று பாருங்கள். பனித்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தட்டில் கொட்ட வேண்டியதுதான். உணவுத் தரச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடலாம். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், இரண்டையும் ஒரே ஜாடியில் போடாதீர்கள். ஆக்சிஜன் உறிஞ்சியில் இருப்பது இரும்புத்தூள். அது வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், சிலிக்கா அந்த ஈரத்தைத்தான் தின்னும். தின்பண்டமாக அடிக்கடி திறக்கும் ஜாடிக்குச் சிலிக்கா மட்டும் போதும்.

வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் எண்ணெய் சேர்க்காத சிப்ஸ் ஆறு மாதம் வரை தாங்கும். அடுப்பு மேடைக்கு மேல் இருக்கும் அலமாரியில் வைத்தால் அதில் பாதிகூட வராது. கேரட்டின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் கண்ணாடி ஜாடியை அழகுக்கு வெளியே வைக்காதீர்கள். நமத்துப் போனதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பூஞ்சையோ கெட்ட வாடையோ இல்லையென்றால் 57 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். கல்லாகிப் போனது அப்படித் திரும்பாது. அதை மிக்ஸியில் பொடித்து வையுங்கள். பீட்ரூட் பொடி மாவு பிசையும்போது நிறத்துக்கு ஆகும். தக்காளிப் பொடியோடு உப்பு கலந்தால் அடுத்த முறை சிப்ஸ் மேல் தூவ அதைவிட நல்ல மசாலா இல்லை.

காய்ந்த தக்காளியை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் காற்று புகாது, காயில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்தாலும் பொட்டுலிசம் என்ற கடும் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அது சௌகரியமான இடம். பூண்டும் சேர்த்தால் ஆபத்து இன்னும் கூடும். அதேபோல, உலர்த்துவது கிருமிகளைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். சால்மொனெல்லா காய்ந்த உணவில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். பச்சையாக உலர்த்தும் காய்களைக் கழுவுவதில் சோம்பல் கூடாது.

உடம்புக்கு நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அடுத்து வரும் கேள்வி அதுதான். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் பொரிக்கும்போதோ வறுக்கும்போதோ அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்று 2002-ல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். 57 டிகிரியில் அந்தக் கவலை இல்லை. எண்ணெயும் இல்லை. நார்ச்சத்து, தாதுக்கள் தங்கும், வைட்டமின் சி கணிசமாகப் போய்விடும். எனக்கு உறுத்துவது அளவுதான். 100 கிராம் கேரட் சிப்ஸ் என்பது முக்கால் கிலோவுக்கு மேல் கேரட். அதில் இயற்கையான சர்க்கரையே 35 கிராமுக்கு மேல் வரும். முக்கால் கிலோ பச்சைக் கேரட்டை யாரும் உட்கார்ந்து கடிக்க மாட்டார்கள், சிப்ஸ் என்றால் கை ஜாடிக்கும் வாய்க்கும் போய்வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட் சிப்ஸில் கவனமாக இருக்க வேண்டும், கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டும் அதே விகிதத்தில் செறிந்துவிடுகிறது. சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை 500 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் நான்கு யூனிட். வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டர் அணைந்து அணைந்து எரிவதால் நிஜத்தில் அதைவிடக் குறையும். ஒரு கிலோ கேரட்டிலிருந்து வெளியேறும் 870 கிராம் தண்ணீரை ஆவியாக்க இயற்பியல் கேட்பது சுமார் 0.6 யூனிட்தான். மிச்சமெல்லாம் சூடான காற்றோடு அறைக்குள் போகிறது. ஒரு தட்டுக்காக மெஷினை ஓட்டினாலும் அந்த நஷ்டத்தில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும் என்பதால், எல்லாத் தட்டையும் நிரப்பி ஓட்டுவதே கட்டுப்படியாகும். ஓவனில் செய்யலாமே என்றால், பல ஓவன்களில் குறைந்தபட்ச சூடே 70, 80-ல்தான் ஆரம்பிக்கும். கதவை லேசாகத் திறந்துவைத்தால்தான் ஈரம் வெளியேறும், மின்சாரமும் கூடுதல். ஏர் ஃப்ரையரில் உலர்த்தும் வசதி இருந்தால் ஒரு பிடி கேரட்டுக்குப் பரவாயில்லை. கேல் கீரையை மட்டும் அதில் வைக்காதீர்கள். பாதி காய்ந்ததுமே ஃபேன் காற்றில் பறந்து மேலே ஹீட்டரில் ஒட்டிக் கருகும். அந்த வாடை ஏர் ஃப்ரையரை விட்டுப் போகச் சில நாள் ஆகும்.